வளைய வேண்டியது பிக்கா, விரலா?

மஞ்சள் பிக் 0.73 மில்லிமீட்டர். பச்சை பிக் 0.88 மில்லிமீட்டர். டன்லப் நிறுவனத்தின் டோர்டெக்ஸ் கிதார் பிக் வரிசையில் அடுத்தடுத்து வரும் இரண்டு இவை. மேசையில் வைத்துப் பார்த்தால் நிறம் ஒன்றுதான் வித்தியாசம். இடையில் உள்ள 0.15 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டு தலைமுடியின் பருமன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரே தந்தியை இரண்டாலும் மாறி மாறி மீட்டிப் பாருங்கள். முதல் மீட்டிலேயே கை கண்டுபிடித்துவிடும்.

இதற்குக் காரணம் எளிய பௌதிகம். ஒரு தகட்டை வளைக்கத் தேவையான விசை அதன் தடிமனோடு நேராக ஏறுவதில்லை. தடிமனின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. அதனால் மஞ்சளைவிடப் பச்சை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு விறைப்பானது. 0.50 மில்லிமீட்டர் சிவப்பையும் 1.00 மில்லிமீட்டர் நீலத்தையும் எடுத்துக்கொண்டால் தடிமன் இரு மடங்கு, விறைப்பு எட்டு மடங்கு. பிக்கின் தடிமனில் ‘கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைய’ என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு படியும் பெரிய படி.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் கிதார் சொல்லிக்கொடுத்து வாழ்கிறேன். வாசலுக்கு வெளியே பழவங்காடி கணபதி கோயிலுக்குப் போகிற கூட்டம், பஸ் ஸ்டாண்டு இரைச்சல், சாலைக் கம்போளத்துக்குச் சரக்கு ஏற்றிப்போகும் வண்டிகள். கோட்டை வாசலைத் தாண்டி உள்ளே போனால் பத்மநாபசுவாமி கோயில், குதிரமாளிகை, நவராத்திரி மண்டபம். இந்த இரண்டு உலகங்களிலிருந்தும் என்னிடம் பிள்ளைகள் வருகிறார்கள். தேவாலயப் பாடகர் குழுவில் ஸ்ட்ரம்மிங் வாசிக்கிறவர்கள், சினிமாப் பாட்டு வாசிக்க ஆசைப்படுகிறவர்கள், இந்த ஊரில் உருவான அவியல் இசைக்குழுவைக் கேட்டு ராக் வாசிக்க வருகிறவர்கள், வீணையோ வாய்ப்பாட்டோ கற்றுவிட்டுக் கீர்த்தனையைக் கிதாரில் கொண்டுவர நினைக்கிறவர்கள். முதல் வாரத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “மாஸ்டர், எந்த நம்பர் பிக் வாங்கணும்?”

நான் திருப்பிக் கேட்பேன்: “மீட்டும்போது எது வளையணும்? பிக்கா, உன் விரலா?”

இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்ததில் பிக் பற்றி நான் உறுதியாக நம்புவது இதைத்தான். எலெக்ட்ரிக் கிதாரின் 0.010 அங்குல முதல் தந்தி ஏறக்குறைய 7 கிலோ இழுவிசையில் நிற்கிறது. அகூஸ்டிக் கிதாரில் 0.012 போட்டால் அது 10 கிலோவைத் தாண்டும். அவ்வளவு விறைத்து நிற்கிற எஃகுக் கம்பியின் மேல் கை வேகமாக வந்து மோதுகிறது. அந்த இடத்தில் ஏதாவது ஒன்று நெகிழ்ந்து கொடுத்தே ஆக வேண்டும். மெல்லிய பிக்கில் பிளாஸ்டிக் நெகிழ்கிறது. தடித்த பிக்கில் பிளாஸ்டிக் அசையாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல் சதைகள் நெகிழ வேண்டும். அந்த நெகிழ்வை எங்கே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதைத்தான் தடிமன் தீர்மானிக்கிறது. பிளாஸ்டிக்கின் நெகிழ்வு தொழிற்சாலையில் முடிவானது, ஒவ்வொரு மீட்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும். விரலின் நெகிழ்வை மீட்டுக்கு மீட்டு மாற்றலாம். எந்த இசைக்கு எது வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஸ்ட்ரம்மிங்கிலிருந்து தொடங்குகிறேன். பாடகர் குழுவில் கிதார் வாசிப்பவருக்கு அரை மணி நேரம் தொடர்ந்து கை மேலும் கீழும் போய்வர வேண்டும். ஒவ்வொரு வீச்சிலும் ஆறு தந்திகள். மணிக்கட்டின் கோணம் வீச்சுக்கு வீச்சு மாறிக்கொண்டே இருக்கும். இங்கே 0.50, 0.60 பிக்குகள் பெரிய உதவி. தந்தி எதிர்த்தால் பிக் வளைந்து கடந்துவிடும். கோணம் கொஞ்சம் தவறினாலும் ஆறு தந்திக்கும் ஏறக்குறைய ஒரே அளவு தள்ளுதான் கிடைக்கும். அப் ஸ்ட்ரோக்கில் சிக்காது. பிளாஸ்டிக் தந்தியை உரசும் மெல்லிய சத்தமும் தாளத்தோடு சேர்ந்துகொள்ளும். பாடுகிறவர்களின் குரலுக்கு வழி விட்டு, காலப்பிரமாணத்தை மட்டும் பிடித்து நிறுத்துகிற வேலைக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. ஸ்ட்ரம்மிங்கில் நெகிழ்வு ஒரே சீராக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் அதைத் தானாகவே செய்துகொடுக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. மெல்லிய பிக் ஓரளவுக்கு மேல் தந்தியைத் தள்ளாது. அதற்குள் வளைந்து நழுவிவிடும். நீங்கள் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஸ்வரம் அதற்கு மேல் பெரிதாகாது, உரசல் சத்தம்தான் கூடும். மந்திர ஸ்தாயித் தந்திகளின் கனமும் குறைந்து கேட்கும். சரணத்தில் அடங்கி, பல்லவிக்குத் திரும்பும்போது நிமிர வேண்டிய பாட்டாக இருந்தால் 0.50 அதைத் தாங்காது. பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு முதலில் 0.60 கொடுத்துவிட்டு, சத்தத்தை ஏற்றி இறக்கப் பழகியதும் 0.73-க்கு மாற்றிவிடுவது இதனால்தான்.

இடைப்பட்ட தடிமனுக்கு நல்ல சோதனை இளையராஜாவின் பாட்டுகள். கிதாரோடு வருகிற தமிழ்ப் பிள்ளை எவரும் 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’வைக் கேட்காமல் இருப்பதில்லை. அதில் கிதார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். இளையராஜாவே கிதார் கலைஞராகப் பல இசையமைப்பாளர்களிடம் வாசித்தவர் என்பதால் அவர் பாட்டுகளில் கிதாருக்கென்று எழுதிய பகுதிகளுக்குத் தனி மதிப்பு. கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கும் இப்படிப்பட்ட பகுதிகளை விரலால் வாசிக்கச் சொல்லித்தருவதே என் வழக்கம். பிக்கால்தான் வாசிப்பேன் என்கிறவர்களுக்கு 0.73-இலிருந்து 0.88 வரைதான் தோதான எல்லை. 0.50 பிக் ஒரு தந்தியை விட்டு நிமிர்வதற்குள் அடுத்த தந்தி வந்துவிடும்; மேல் தந்திகள் மெலிந்து பேசும். 1.14 பழகாத கையில் தந்தியைக் கொக்கி போட்டு இழுத்துவிடும். நடுவில் உள்ள இந்த இரண்டிலும் பிளாஸ்டிக் கொஞ்சம், விரல் கொஞ்சம் என்று நெகிழ்வு பங்காகிறது. கையில் பிக் இல்லாத நேரத்துக்கு ஒரு தகவல்: ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், உலகம் முழுதும் அதே அளவு. காலாவதியான கார்டைப் பிக் வடிவில் கத்தரித்து, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டால் மீடியம் பிக் தயார்.

என் மனம் அதிகம் தங்குவது தடித்த பிக்கில்தான். அதைப் பேச நவராத்திரி மண்டபத்துக்குப் போக வேண்டும்.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி விக்கிரகம் ஊர்வலமாக இந்தக் கோட்டைக்குள் வருகிறது. ஒன்பது நாளும் மாலையில் கச்சேரி. ஒவ்வொரு நாளுக்கும் மன்னர் சுவாதித் திருநாளின் ஒரு கிருதி என்பது முறை: முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, மூன்றாம் நாள் சாவேரி, நான்காம் நாள் தோடி. அங்கே யாரும் கைதட்டுவதில்லை. மேற்கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், நாதம் சீராகப் பரவுவதற்காக. கைதட்டல் இல்லாததால் ஒரு ஸ்வரம் எப்படி எழுகிறது, எப்படி அடங்குகிறது என்பது முழுசாகக் காதில் விழும். கிதார் படிக்கிற என் பிள்ளைகளை அங்கே போய் உட்காரச் சொல்வேன். பிக் வாங்குவதற்கு முன் காது தயாராக வேண்டும்.

வீணைக்காரர்களிடையே ஒரு கட்டுப்பாடு உண்டு. சாகித்யத்தின் எழுத்து விழும் இடத்தில்தான் வலது கை மீட்ட வேண்டும். ஒரு நெட்டெழுத்தை ஐந்தாறு ஸ்வரங்களில் இழைத்துப் பாட வேண்டியிருந்தால், மீட்டு ஒன்றுதான். மற்ற ஸ்வரங்களை அந்த ஒரு மீட்டின் கார்வைக்குள்ளேயே இடது கை தந்தியை இழுத்தும் சறுக்கியும் வரவழைக்கும். 1939-இல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரிக்கு முதல்வராக இருந்த வீணை கே.எஸ். நாராயணஸ்வாமியின் ஒலிப்பதிவுகளைக் கேளுங்கள். மீட்டு மென்மையாக விழும். பாட்டு அறுபடாமல் போய்க்கொண்டிருக்கும்.

கிதாரில் இதைச் செய்யப் போனால் தடிமனின் அருமை தெரியும். ஒரே மீட்டில் ஐந்து ஸ்வரம் வாழ வேண்டுமென்றால், தொடக்கத்திலேயே தந்தி நன்றாக விலகித் திறக்க வேண்டும். மெல்லிய பிக் அதற்குள் வளைந்து நழுவிவிடுவதால் ஸ்வரம் சிறிதாகவே பிறக்கிறது. தோடியின் காந்தாரம் அசைந்து முடிவதற்குள் நாதம் வற்றிவிடுகிறது. வற்றுகிறதே என்று இன்னொரு முறை மீட்டினால் ‘டிக்’ என்று பிளாஸ்டிக் சத்தம் நடுவில் விழும். கேட்கிறவர் காதில் அது சாகித்யத்தில் இல்லாத ஒரு வல்லின எழுத்து. கீர்த்தனை வாசிக்கிற பிள்ளைகளுக்கு 1.14-க்குக் குறைந்து நான் கொடுப்பதில்லை. கை பழகியதும் 1.38 மில்லிமீட்டர் ஜாஸ் த்ரீ பிக், பிறகு 1.5, சிலருக்கு 2. இந்தத் தடிமனில் பிக் தந்தியை ஆழமாகத் தள்ளி, சுத்தமாக விடுகிறது. முனை நன்றாக உருண்டு மெருகேறியிருந்தால் உரசல் ஏறக்குறைய கேட்கவே கேட்காது.

பிக் பிடித்து வாசிக்கும் கருவியில் கர்நாடக இசை முழுமையாக ஒலிக்கும் என்பதை நம் காலத்தில் நிரூபித்தவர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். 1969-இல் பாலகொல்லுவில் பிறந்து 2014-இல் மறைந்தவர். இரட்டைத் தந்திகள் கொண்ட மாண்டலினை ஐந்து ஒற்றைத் தந்திகளுக்கு மாற்றி, மின் ஒலிபெருக்கியோடு சேர்த்து, கமகத்துக்கு இடம் உண்டாக்கினார். அவர் வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் பிள்ளைகளைக் கேட்கச் சொல்வது அவருடைய ஆலாபனை. நீண்ட பிடிகளில் எங்கே மீட்டுகிறார், எங்கே மீட்டாமல் விடுகிறார் என்று கணக்கெடுத்தாலே பிக்கைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

தடித்த பிக்கை வாங்கினால் மட்டும் போதாது, பிடிக்கத் தெரிய வேண்டும். ஆள்காட்டி விரலை லேசாக மடக்கி, அதன் நுனிக் கணுவின் பக்கவாட்டில் பிக்கைக் கிடத்துங்கள். மேலே கட்டைவிரலின் சதைப்பகுதி படியட்டும். முனை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வெளியே தெரியக் கூடாது. பிக் தந்திக்குத் தட்டையாக இராமல், விளிம்பு முன்னால் போகும்படி கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும். இப்போது ஒரே தந்தியில், ஒரே ஃப்ரெட்டில், மணிக்கட்டின் வீச்சை மாற்றாமல் விரல்களின் அழுத்தத்தை மட்டும் மாற்றி மீட்டுங்கள். தளர்த்தினால் பிக் விரலுக்குள் சற்றே திரும்பிக் கொடுக்கும், நாதம் மிருதுவாகும். இறுக்கினால் நாதம் நிமிரும். மெல்லிய பிக்கில் இந்த வித்தை பாதிக்கு மேல் நடக்காது. முதலில் நாதத்தைக் கேட்காமல் விரலைக் கவனியுங்கள்: மீட்டு முடிந்ததும் பிடி பழைய இடத்துக்குத் தானாகத் திரும்ப வேண்டும். திரும்பாமல் பிக் ஒவ்வொரு மீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால் அழுத்தம் போதவில்லை. முன்கை வலித்தால் அழுத்தம் அதிகம்.

வீணைக்காரர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. சிலர் நகத்தால் மீட்டுகிறார்கள். சிலர் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கம்பி நகம் மாட்டிக்கொள்கிறார்கள். நகம் தானே நெகிழும். கம்பி துளியும் நெகிழாது, நெகிழ்வு முழுக்க விரல் அசைவிலிருந்து வர வேண்டும். இரண்டு வழியிலும் மேதைகள் இருக்கிறார்கள். வெளியுலகிலும் அப்படித்தான். குயீன் இசைக்குழுவின் பிரயன் மே சிக்ஸ்பென்ஸ் நாணயத்தால் வாசிக்கிறார். உலோகம் வளையவே வளையாது, நெகிழ்வு எல்லாம் அவர் விரலில். ஜாங்கோ ரைன்ஹார்ட் வழிவந்த ஜிப்சி ஜாஸ் கலைஞர்கள் 3.5 மில்லிமீட்டர் பிக்கைக்கூடப் பயன்படுத்துகிறார்கள். தந்தியை மீட்டி அடுத்த தந்தியில் போய் இறங்கும் அவர்கள் முறைக்கு அந்தக் கனம் வேண்டும். ஜாஸ் கலைஞர் பாட் மெதீனி மெல்லிய பிக்கைத் திருப்பிப் பிடித்து உருண்ட பக்கத்தால் வாசிக்கிறார். அவர் நாதத்தின் தரம் கேட்டவர்களுக்குத் தெரியும். ஆகவே மெல்லியது தொடக்கக்காரர்களுக்கு, தடித்தது தேர்ந்தவர்களுக்கு என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. ஒவ்வொருவரும் தம் இசைக்கு நெகிழ்வு எங்கே வேண்டும் என்று கண்டுபிடித்து அங்கே வைத்திருக்கிறார்கள்.

தடிமனை மட்டும் பார்த்துப் பொருளை மறக்கக் கூடாது. ஒரே 0.73 என்றாலும் நைலான் அதிகம் வளையும், டோர்டெக்ஸ் குறைவாக வளையும். நைலான் ஈரத்தை உறிஞ்சும் பொருள். திருவனந்தபுரத்தில் இடவப்பாதிப் பருவமழை தொடங்கிவிட்டால் காற்று முழுக்க ஈரம். விரலிலும் எப்போதும் வியர்வை. வழவழப்பான செல்லுலாய்டு பிக் இரண்டாவது பாட்டிலேயே வழுக்கத் தொடங்கும். இந்த ஊர்க் கைக்கு மேற்பரப்பு சொரசொரப்பாகவோ எழுத்து புடைத்தோ இருக்கும் பிக்குகள்தான் தாங்கும். ஒரு காலத்தில் அழுங்காமை ஓட்டில் பிக் செய்தார்கள். அந்த ஆமை அழிவின் விளிம்புக்குப் போனது; நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. அந்த ஓட்டின் குணத்தைக் கொண்டுவரத்தான் செல்லுலாய்டும் டோர்டெக்ஸும் வந்தன.

நம் கையருகே இன்னொரு பொருள் இருக்கிறது: சிரட்டை. வடக்கே சரோத் வாசிப்பவர்கள் பிடிக்கும் ஜவா பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையில் செய்ததுதான். நன்றாக முற்றிய நெற்றுத் தேங்காயின் சிரட்டையை எடுத்து, நார் முழுக்கச் சுரண்டி, ஹேக்ஸா பிளேடால் முக்கோணமாக அறுத்துக்கொள்வேன். வளைவு குறைந்த பக்கவாட்டுப் பகுதிதான் ஏற்றது. கண்ணுக்கு அருகில் உள்ள பகுதி கோணலாக வரும். 80 நம்பர் உப்புத்தாளில் இருபக்கமும் தேய்த்தால் மேலே கரும்பழுப்பு போய் உள்ளே இழையோடும் கோடுகள் தெரியும். பிடிக்கிற இடத்தில் 3 மில்லிமீட்டர் விட்டுவிட்டு, முனையை 1.5 வரை இறக்கி, 400, பிறகு 1000 நம்பர் தாளில் விளிம்பை உருட்டி, கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியில் தேய்த்தால் மெருகு ஏறும். தேய்க்கும்போது இழையின் போக்கைக் கவனிக்க வேண்டும்; இழை முனைக்குக் குறுக்கே ஓடினால் சீக்கிரம் சில்லு தெறிக்கும். சிரட்டை பிக் வியர்வையில் அவ்வளவாக வழுக்குவதில்லை. அதன் நாதம் இருண்டு, உருண்டு, மந்திர ஸ்தாயியில் நிறைந்து ஒலிக்கும். சங்கராபரணத்தைச் சௌக்க காலத்தில் வாசிக்க எனக்கு இதுதான் பிடிக்கும். இதைச் செய்து பார்த்த பிள்ளைகளுக்குத் தடிமன், முனை, விளிம்பு மூன்றும் தனித்தனிச் சங்கதிகள் என்பது விளக்காமலே புரிந்துவிடுகிறது.

கடையில் நின்று தேர்ந்தெடுப்பவர்களுக்கு என் முறை இது. 0.60, 0.88, 1.14 என்று மூன்று பிக்குகள், ஒரே பொருளில், ஒரே வடிவத்தில் வாங்குங்கள். தடிமனைத் தவிர எதுவும் மாறக் கூடாது. மாயாமாளவகௌளையில் முதல் சரளி வரிசையை மூன்று காலத்திலும் வாசியுங்கள், மொபைலில் பதிவு செய்யுங்கள். முதல் காலத்தில் நாதம் எப்படி என்று தெரியும்: ஸ்வரம் அடுத்த ஸ்வரம் வரை நிற்கிறதா, தொடக்கத்தில் ‘டிக்’ கேட்கிறதா? மூன்றாம் காலத்தில் கை எப்படி என்று தெரியும்: எங்கே சிக்குகிறது, எங்கே பிந்துகிறது? பிறகு நீங்கள் தினமும் வாசிக்கிற பாட்டு ஒன்றை மூன்றாலும் மெதுவாகவும் ஓங்கியும் வாசியுங்கள். மறுநாள் பிக்கின் நிறத்தை நினைக்காமல் பதிவைக் கேளுங்கள். பழகிய பிக் கைக்குச் சுகமாக இருக்கும் என்பதால் முதல் நாளே முடிவெடுக்க வேண்டாம். ஒன்றைத் தேர்ந்துவிட்டால் மூன்று மாதமாவது அதையே வைத்து வாசியுங்கள். தடித்த பிக்குக்கு விரல் பழக அவ்வளவு காலம் வேண்டும். தந்தியை 0.010-இலிருந்து 0.012-க்கு மாற்றினால் சோதனையை மறுபடி செய்யுங்கள். முனை தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட பிக்கை உப்புத்தாளில் சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

கிதாருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் பெற்றோர் பலர் பிக்கைக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்ததோடு விட்டுவிடுகிறார்கள். நாதம் பிறக்கிற இடமே அந்தச் சின்ன முனைதான். உங்கள் பிள்ளைக்குக் கிதார் வாங்கித் தருகிற அன்றைக்கே மூன்று தடிமனில் மூன்று பிக்குகளும் வாங்கிக் கொடுங்கள். எது வேண்டும் என்று அந்தப் பிள்ளை தன் காதால் கேட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். சங்கீதத்தில் அது தானாக எடுக்கும் முதல் முடிவு அதுவாக இருக்கட்டும்.